பேசவும் வேண்டும், ஆடவும் வேண்டும்

(மூத்த உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் வழக்கமாக உபநிஷத்து, சர்க்கரை வியாதி, உயில் எழுதுவது எப்படி என்று கனமான விஷயங்களைப் பேசுவார்கள். இன்று செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு அவற்றோடு ஒப்பிட்டால் லேசானதாகத் தோன்றும். "மாமா, பேசவும் செஸ் ஆடவும் ஒரே கருவியாக வாங்க வேண்டும். எதை வாங்கலாம், சொல்லுங்கோ" என்று நம் உறுப்பினர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிடச் சபையிலேயே சொல்லிவிடலாம் என்று செயலாளர் நினைத்தார்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் இது அவ்வளவு லேசான விஷயம் இல்லை. தமிழ்நாட்டை விட்டு வந்து முப்பது நாற்பது வருஷமாக வெளி மாநிலத்தில் இருப்பவர்கள் நாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பலகையை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்த நண்பர்களில் ஒருவர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார், ஒருவர் புனேவுக்குப் போய்விட்டார், ஒருவர் பகவானிடமே போய்விட்டார். மரப்பலகை பரணில் இருக்கிறது. பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். நம்மில் பலருடைய நாளில் எதிர்பார்த்துக் காத்திருப்பதற்கு இரண்டே விஷயங்கள்தான் உண்டு: இரவு வரும் அழைப்பு ஒன்று, பிற்பகலில் ஒரு ஆட்டம் ஒன்று. இரண்டும் இப்போது கையடக்கமான ஒரே கருவிக்குள் வந்துவிட்டன. அந்தக் கருவியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டில் ஒன்று கெடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஸ்ஸுக்காக என்று சொல்லி வேகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தைக் கண்ணுக்கும் காதுக்கும் கொடுங்கள். ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

வேகம் யாருக்கு வேண்டும்?

1997 மே மாதம் நியூயார்க்கில் ஐ.பி.எம். கம்பெனியின் டீப் புளூ என்ற கணினி அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் ஜெயித்தது நினைவிருக்கும். அந்த இயந்திரத்தின் எடை சுமார் 1.4 டன். ஒரு விநாடிக்கு 20 கோடி நிலைகளை அது அலசிப் பார்த்தது.

அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2009-ல், பியூனஸ் அயர்ஸ் நகரில் ஒரு பந்தயம் நடந்தது. அதில் பாக்கெட் ஃபிரிட்ஸ் என்ற செஸ் நிரல் ஒரு சாதாரண ஹெச்.டி.சி. செல்போனில் இருந்தபடியே ஆடிப் பத்து ஆட்டத்தில் ஒன்பதரைப் புள்ளி எடுத்தது. அது விநாடிக்கு அலசியது 20 ஆயிரம் நிலைகள்கூட இல்லை. அசுர வேகம் இல்லாமலே ஜெயிக்கும் அளவுக்கு நிரலின் புத்தி வளர்ந்துவிட்டது.

இன்று கடையில் கிடைக்கும் மலிவான ஸ்மார்ட்போனும் அந்தப் பழைய ஹெச்.டி.சி.யைவிடப் பல மடங்கு வேகமானது. அதில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரல் இலவசம். உலகத்தில் எந்த மனிதனும் அதை ஜெயிக்க முடியாது. ஆகவே விற்பனையாளர் "சார், கேமிங் போன், 12 ஜிபி ராம்" என்று ஆரம்பித்தால், "அப்பா, நான் ஆடுவது செஸ்" என்று சொல்லிவிடுங்கள். நமக்குள்ள கஷ்டம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. போனின் பலத்தை எப்படிக் குறைத்து நம் அளவுக்குக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி. அதற்கும் வழி உண்டு. லிசெஸ் என்ற செயலியில் ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு ஒன்று முதல் எட்டு வரை படிகள் வைத்திருக்கிறார்கள். முதல் படியில் தொடங்கி, ஜெயித்தால் மேலே போகலாம். லிசெஸ் 2010-ல் பிரான்ஸில் ஆரம்பிக்கப்பட்டது. லாப நோக்கமில்லாதது, கட்டணமும் விளம்பரமும் கிடையாது.

பலகையின் அகலம்

அடுத்தது கண். திரை 6.7 அங்குலம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது மூலைக்கு மூலை உள்ள அளவு. சதுரங்கப் பலகை சதுரமானது. அது திரையின் குறுகிய பக்கத்தைத் தாண்டி விரிய முடியாது. போனைப் படுக்கவைத்துப் பிடித்தாலும் இதே கதைதான். ஆகவே போன் நீளமாக வளர வளர நமக்கு லாபம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6.1 அங்குலப் போனில் பலகையின் அகலம் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர். ஒரு கட்டம் 8 மில்லிமீட்டர். 6.7 அங்குலப் போனில் பலகை 7 சென்டிமீட்டர். கட்டம் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய போன் என்று கூடுதலாகப் பணம் கொடுத்து நாம் வாங்குவது கட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! 8.7 அங்குல டேப்லெட்டில் பலகை 11 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. கட்டம் 14 மில்லிமீட்டர். 11 அங்குல டேப்லெட்டில் கட்டம் 18 மில்லிமீட்டரைத் தாண்டும். நேரில் ஆடும் பந்தயப் பலகையில் ஒரு கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகம்போல் மடிக்கும் போன்களும் வந்திருக்கின்றன. விரித்தால் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். பலகைக்காகவே செய்தது போலப் பொருந்தும். ஆனால் விலை பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தாண்டும், மடிப்பில் பழுது வந்தால் செலவும் அதிகம். பிள்ளை வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நாமாக வாங்க வேண்டாம்.

கை நடுங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. காயை விரலால் இழுத்துக்கொண்டு போவதற்குப் பதிலாக, காயை ஒரு தட்டு, போக வேண்டிய கட்டத்தை ஒரு தட்டு என்று ஆடலாம். லிசெஸ்ஸின் அமைப்புகளில் "நகர்வை உறுதிசெய்" என்ற வசதியும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், நாம் சரி என்று இன்னொரு முறை தட்டும்வரை காய் நகராது. ராணியை யானை வாயில் கொண்டுபோய் வைக்கும் விபத்து பாதியாகக் குறையும்.

காது சொல்வதைக் கேளுங்கள்

இப்போது பேச்சுக்கு வருவோம். டேப்லெட்டில் பலகை பெரிது என்றேன். உடனே டேப்லெட் ஒன்றே போதும் என்று முடிவுகட்டக் கூடாது. சிம் போடும் டேப்லெட்டுகளில் சிலவற்றில்தான் சாதாரணத் தொலைபேசி அழைப்பு பேச முடியும். மற்றவற்றில் சிம் இணையத்துக்கு மட்டும். ஐபேடில் சிம் இருந்தாலும் சாதாரண அழைப்பு கிடையாது. கடையில் "சிம் போடலாமா" என்று கேட்காதீர்கள். "இதிலிருந்து உங்கள் போனுக்கு இப்போதே கூப்பிட்டுக் காட்டு" என்று கேளுங்கள். பேச முடிகிற டேப்லெட்டையும் காதில் வைத்துக்கொண்டு பேசுவது சிரமம். நம் மருமகள் சொல்வது ஒலிபெருக்கியில் வீடு முழுவதும் கேட்கும்.

போன் வாங்கும்போது பேச்சுக்காகப் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, 4ஜி வழியாகவே குரல் போகும் வசதி. இதை வோல்ட்டீ என்பார்கள். இது இல்லாமல் அழைப்பு பழைய 2ஜி அலைக்கு இறங்கினால், பேசும் நேரத்தில் இணையம் நின்றுவிடும், ஆட்டமும் நின்றுவிடும். இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல போன்களில் ஒரு சிம்மில் பேசும்போது மற்றொரு சிம்மின் இணையம் தற்காலிகமாக நிற்கும். அழைப்பும் இணையமும் ஒரே சிம்மில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்படி வைத்துக்கொள்ள முடியாதவர்கள், பேசும் நேரத்தில் இணையத்தைத் தானாக மற்ற சிம்முக்கு மாற்றும் வசதி அமைப்புகளில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இரண்டாவது, வைஃபை வழியாக அழைப்பு. நம் நாட்டில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு, கோபுரத்தின் அலை எட்டாவிட்டாலும் வீட்டு வைஃபையிலேயே சாதாரண அழைப்பு தெளிவாக வரும். போனுக்கு இந்த வசதி இருக்க வேண்டும். அமைப்புகளில் அதைத் திறந்துவிடவும் வேண்டும்.

மூன்றாவது, செவிக்கருவி. காதில் கருவி போட்டிருப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போக வேண்டும். புளூடூத்தில் நேரடியாக இணையும் கருவியாக இருந்தால், அது எந்தப் போன்களோடு சேரும் என்பதைக் கருவி கொடுத்தவரிடம் முதலில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். வாங்கிய பிறகு கேட்பது வீண்.

ஆட்டத்தின் நடுவே மணி அடித்தால்

நம் கிளையில் ஒரு பெரியவர். தனியாக இருக்கிறார். இணையத்தில் பத்து நிமிஷ ஆட்டம் ஆடுவார். நடுவில் அழைப்பு வந்தால் கவனம் கலைகிறது, கடிகாரமோ நிற்காமல் ஓடுகிறது என்று "தொந்தரவு செய்யாதே" என்ற அமைப்பைப் போட்டுவிட்டார். ஒரு நாள் அதை எடுக்க மறந்துவிட்டார். மறுநாள் காலையில் வெளிநாட்டிலிருந்து மகள் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். கடைசியில் பக்கத்து ஃபிளாட்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டச் சொன்னாள். மாமா சாவகாசமாகக் காபியோடு வந்து கதவைத் திறந்தார். அந்த ஒரு மணி நேரம் அந்தப் பெண் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு செஸ்ஸை விடுவது இல்லை. அந்த அமைப்பிலேயே விதிவிலக்கு வைக்கலாம். குடும்பத்தார் எண்களுக்கு நட்சத்திரக் குறி போட்டு, அவர்கள் அழைத்தால் மட்டும் மணி அடிக்கட்டும் என்று சொல்லலாம். ஆண்ட்ராய்டு போன்களில், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிஷத்துக்குள் இரண்டாவது தடவை அழைப்பு வந்தால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். இதைப் பேரனையோ பேத்தியையோ வைத்து இன்றே செய்துகொள்ளுங்கள்.

கடிகாரமே இல்லாமல் ஆடுவது இன்னும் உத்தமம். நகர்வுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை அவகாசம் கொடுக்கும் ஆட்டங்கள் லிசெஸ், செஸ்.காம் இரண்டிலும் உண்டு. காலையில் ஒரு நகர்வு, பூஜை, சாப்பாடு, தூக்கம், மாலையில் எதிரியின் பதில். எத்தனை அழைப்பு வந்தாலும் ஆட்டம் கெடாது. வெளிநாட்டிலிருக்கும் பேரனோடு ஆட இதைவிட நல்ல முறை இல்லை. அங்கே இரவு, இங்கே பகல் என்ற வித்தியாசம் மறைந்துவிடும்.

புதிர்களும் அப்படித்தான். 1970-களின் கடைசியில் விஸ்வநாதன் ஆனந்தின் தகப்பனார் மணிலாவில் வேலை பார்த்தார். அங்கே பிற்பகலில் தொலைக்காட்சியில் செஸ் நிகழ்ச்சி வரும். பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பான். தாயார் சுசீலா அம்மாள் புதிர்களை எழுதி வைத்து, பிள்ளை வந்ததும் இருவருமாக உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். இன்று அந்தப் புதிர்கள் ஆயிரக்கணக்கில் போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கூட உட்காருகிற தாயாரைத்தான் போன் கொடுக்காது. பாட்டிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேரக் குழந்தைகளைப் பந்தயத்துக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆடும் கூடத்தில் ஆட்டக்காரரிடம் போன் இருந்தாலே ஆட்டம் போய்விடும். 2003-ல் பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் நடந்த ஐரோப்பிய அணிப் பந்தயத்தில், உலகப் பட்டம் வென்றிருந்த பொனமாரியோவின் செல்போன் ஆட்டத்தின் நடுவே மணி அடித்தது. ஆட்டம் தோல்வி என்று அறிவித்துவிட்டார்கள். வாசலிலேயே குழந்தையின் பையைச் சோதித்துவிடுங்கள்.

பேட்டரியும் பாதுகாப்பும்

இணையத்தில் ஆடுவதற்குத் தரவு மிகக் குறைவாகவே செலவாகும். நகர்வுகள் மட்டும்தானே போய்வருகின்றன! ஆனால் முடிந்த ஆட்டத்தைப் போனில் உள்ள நிரலை விட்டு நீண்ட நேரம் அலசச் சொன்னால், போன் தோசைக்கல் மாதிரி சுடும். பேட்டரி மளமளவென்று இறங்கும். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி இப்போது நடுத்தர விலைப் போன்களிலேயே சாதாரணம். அதற்குக் குறைத்து வாங்க வேண்டாம். பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்தால் பலகையை மூடிவிடுவது என்று ஒரு நியமம் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பது அழைப்புக்கு.

பாதுகாப்பு மேம்பாடு எத்தனை வருஷம் வரும் என்பதையும் கேளுங்கள். கூகுள் 2023-ல் பிக்ஸல் 8 போனோடு ஏழு வருஷம் என்று அறிவித்தது. சாம்சங் நிறுவனத்தின் நடுத்தர விலை மாடல்கள் சிலவற்றுக்கு ஆறு வருஷம். நம் வங்கியும் அந்தப் போனில்தானே இருக்கிறது!

செஸ் செயலிக்கு நம் குறுஞ்செய்திகளைப் படிக்க எந்தக் காரணமும் இல்லை. அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் வைத்து ஆடலாம் என்று ஆசை காட்டினால் உடனே அழித்துவிடுங்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஏமாந்து பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

யாருக்கு எது?

வெளியே நடமாடுகிறவர், கண் நன்றாகத் தெரிகிறவர்: நடுத்தர விலையில் ஒரு நல்ல போன் போதும். பூங்காவில் உட்கார்ந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண் மங்கியவர், வீட்டிலேயே இருப்பவர்: ஒரே கருவி என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். பேசுவதற்கு எளிய 4ஜி பட்டன் போன். ஆடுவதற்கு வைஃபை மட்டுமுள்ள டேப்லெட். டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்தாலும் அழைப்பு நிற்காது. இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய போனைவிடக் குறைந்த விலையிலேயே முடியலாம்.

பயணம் அதிகம் செய்கிறவர், ஒன்றுதான் வேண்டும் என்பவர்: அழைப்பு வசதியுள்ள 8 அங்குல டேப்லெட்டும் காதில் மாட்டும் புளூடூத்தும்.

எதுவானாலும், கடையிலேயே உங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நகர்வு ஆடிப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். இரண்டிலும் தேறினால் பணத்தைக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. கருவியே வாங்க முடியாதவர், வாங்க விருப்பமில்லாதவர் கவலைப்பட வேண்டாம். தூரத்தில் இருப்பவரோடு செஸ் ஆடுவது நேற்று வந்த சங்கதி இல்லை. 1820-களின் கடைசியிலேயே சென்னைக்காரர்களும் ஹைதராபாத்காரர்களும் கடிதம் மூலம் ஆடியிருக்கிறார்கள். அந்த ஆட்டங்கள் 1829-ல் சென்னையில் புத்தகமாகவும் வந்தன. சென்னை அணியில் குலாம் காசிம் என்ற பெரிய ஆட்டக்காரர் இருந்தார். 1897-ல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையும் கடலடித் தந்தி மூலம் மோதிச் சமமாக முடித்தன.

நாமும் ஆடலாம். இருவர் வீட்டிலும் ஒரு மரப்பலகை, ஒரு சாதாரணப் போன் போதும். ஒரே சிக்கல், போனில் பி, டி, இ, ஜி எல்லாம் ஒரே மாதிரி காதில் விழும். பார்வையற்றோர் பந்தயங்களில் இதற்காகவே அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபீலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர் என்று எட்டு வரிசைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஊர்ப் பெயர் சுலபம்: ஆக்ரா, பம்பாய், சென்னை, டெல்லி, ஈரோடு, ஃபரீதாபாத், கோவா, ஹைதராபாத். "ஈரோடு நான்கு" என்றால் ராஜாவுக்கு முன்னாலிருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தது என்று எந்த ஊரில் இருப்பவருக்கும் புரியும்.

நம் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் பிற்பகலில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஆட்டக்காரராவது இருப்பார். விருப்பமுள்ளவர்களின் பட்டியலைச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்டு, இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவைத்தால் போதும். நாளுக்கு ஒரு அழைப்பு, ஒரு நகர்வு, கூடவே நாலு வார்த்தை க்ஷேம சமாசாரம். ஒரு நாள் அழைப்பை எடுக்கவில்லையென்றால், "என்ன ஆயிற்று?" என்று விசாரிக்க இன்னொரு ஊரில் ஒருவர் இருப்பார். எந்தக் கடையிலும் கிடைக்காத வசதி அது.